சிடி போட்டும் லினக்ஸில் திறக்கவில்லையா? டிஸ்க் டிரைவ் மவுண்ட் பிரச்சினைக்கு முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலிப் பக்கம் எந்த வீட்டு பீரோவின் மேல்தட்டைத் துழாவினாலும் நாலைந்து சிடி கையில் வரும். கல்யாண ஆல்பத்தோடு ஸ்டுடியோக்காரர் கொடுத்த விசிடி, சுடலைமாடன் கோயில் கொடைக்கு ஊர் சேர்ந்து எடுத்த டிவிடி, விடிய விடிய நடந்த வில்லுப்பாட்டின் பதிவு, வளைகுடாவிலிருந்து வந்த சித்தப்பா சின்ன கேமராவில் எடுத்த உள்ளங்கை அகல வட்டு. அந்த வீடியோவில் இருக்கும் தாத்தாவும் ஆச்சியும் இன்று இல்லை. டிவிடி பிளேயரும் என்றோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. மிஞ்சியிருப்பது லினக்ஸ் போட்ட ஒரு டெஸ்க்டாப், அல்லது யூஎஸ்பியில் சொருகும் டிவிடி டிரைவ். வட்டைப் போட்டால் ‘அனேபிள் டு மவுண்ட்’ என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. மவுண்ட் என்றால் வட்டில் உள்ள ஃபைல்களைக் கணினியில் ஒரு ஃபோல்டராகத் திறந்து வைப்பது.

அந்தப் பெட்டியை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். டிரைவ் பழுதானாலும், வட்டு கீறினாலும், வட்டின் வகை வேறாக இருந்தாலும், உங்களுக்கு அனுமதி இல்லாவிட்டாலும் அதே பெட்டிதான் வரும். எது காரணம் என்று தெரியாமல் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதில், பழைய வட்டுக்கு மிச்சமிருக்கும் ஆயுளும் குறைகிறது. ‘சிடி போச்சு’ என்று தூக்கிப் போடப்பட்டவற்றில் பல, போகவே இல்லை. காரணத்தை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் பெரும்பாலும் வழி கிடைத்துவிடும்.

கட்டளைகளை எல்லாம் தமிழெழுத்திலேயே தந்திருக்கிறேன். டெர்மினல் என்ற கட்டளை ஜன்னலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும். குழப்பம் வரும் இடங்களில் மட்டும் ஆங்கில எழுத்தை அடைப்புக்குறிக்குள் காட்டியிருக்கிறேன், அடைப்புக்குறியை அடிக்க வேண்டாம். ‘எல்எஸ்பிஎல்கே’ போன்றவை எழுத்து எழுத்தாக. ‘மவுண்ட்’, ‘இஜெக்ட்’ போன்றவை சொல்லாக. உபுண்டு, டெபியன், மின்ட், பாஸ் லினக்ஸ் எல்லாமே டெபியன் குடும்பம் என்பதால் இதில் உள்ளவை அவற்றில் அப்படியே ஓடும். மற்றவற்றில் மென்பொருள் நிறுவும் கட்டளையும் சில தொகுப்புப் பெயர்களும் மாறும்.

முதல் வேலை: கெர்னல் என்ன சொல்கிறது?

டிரைவோடு நேரடியாகப் பேசுவது லினக்ஸ் கெர்னல். திரையில் வரும் பெட்டி, அது சொன்னதில் பாதியைக்கூட நம்மிடம் சொல்வதில்லை. அதனால் வட்டைப் போடுவதற்கு முன்பே ஒரு டெர்மினலைத் திறந்து இதை ஓட விடுங்கள் (முன்னால் வரும் ‘சூடோ’, கட்டளையை நிர்வாகி அனுமதியோடு ஓட்டும்):

சூடோ டிஎம்இஎஸ்ஜி -டபிள்யூ

பழைய வரிகள் எல்லாம் ஓடி முடிந்து நின்றதும் வட்டைப் போட்டுத் தட்டை மூடுங்கள். அரை நிமிடம் பொறுங்கள். புதிதாக வரும் வரிகளில் ‘எஸ்ஆர்0’ என்ற பெயரைத் தேடுங்கள். சிடி, டிவிடி டிரைவுக்கு லினக்ஸ் வைக்கும் பெயர் அது. முழு முகவரி /டெவ்/எஸ்ஆர்0. இரண்டாவது டிரைவ் இருந்தால் எஸ்ஆர்1.

ஒன்றுமே வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம், நல்ல வட்டுக்கும் சில சமயம் எந்த வரியும் வராது. ஆனால் வரும்போது கீழ்க்கண்ட மூன்று வரிகளில் ஒன்று வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

‘எல்-ஈசி அன்கரெக்டபிள் எரர்’, அல்லது ‘மீடியம் எரர்’: வட்டில் கீறல், அழுக்கு, அல்லது பதிவே மங்கிவிட்டது. லென்ஸில் தூசி படிந்தாலும் இதே வரி வரும்.

‘இல்லீகல் மோட் ஃபார் திஸ் டிராக்’: வட்டில் பழுது இல்லை. அது விசிடி அல்லது பாட்டு சிடி, அதைச் சாதாரண ஃபைல் வட்டு மாதிரி படிக்கப் பார்க்கிறீர்கள்.

‘ரீட் ஆஃப் ஸ்க்ராம்பிள்ட் செக்டர் வித்தவுட் ஆதென்டிகேஷன்’: கடையில் வாங்கிய சினிமா டிவிடி. அதில் பூட்டு இருக்கிறது.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே, நல்ல விசிடியைக் கெட்டது என்று தூக்கிப் போடும் தவறு நடக்காது.

டிரைவ் கண்ணில் படுகிறதா?

எல்எஸ்பிஎல்கே

என்று அடியுங்கள். கணினியில் உள்ள டிஸ்க்குகள் வரிசையாக வரும். அதில் எஸ்ஆர்0 என்று ஒரு வரியும், வகை என்ற இடத்தில் ‘ராம்’ (rom) என்றும் இருக்க வேண்டும். வட்டு இல்லாத டிரைவுக்கு அளவு 1024எம் என்று காட்டும். அதைப் பார்த்து உள்ளே ஒரு ஜிபி இருக்கிறது என்று நினைக்காதீர்கள், அது வெறும் தட்டு. வட்டைப் போட்ட பிறகும் 1024எம் மாறாமல் நின்றால் டிரைவுக்கு வட்டு தெரியவில்லை என்று பொருள்.

எஸ்ஆர்0 வரியே இல்லையா? அப்போது மவுண்ட் பற்றிய பேச்சுக்கே இடமில்லை, இணைப்பைப் பார்க்க வேண்டும். டெஸ்க்டாப்பில் டிரைவுக்கு இரண்டு கேபிள் உண்டு, மின்சாரத்துக்கு ஒன்று, தரவுக்கு ஒன்று. பட்டனை அழுத்தினால் தட்டு வெளியே வருகிறது என்பதால் டிரைவ் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. தட்டு வர மின்சாரக் கேபிள் மட்டும் போதும். தரவுக் கேபிள் தளர்ந்திருந்தாலும் தட்டு கம்பீரமாக வெளியே வரும். கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சாட்டா என்ற அந்தத் தரவுக் கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி மாட்டுங்கள். முடிந்தால் மதர்போர்டில் வேறு துளைக்கு மாற்றுங்கள். அப்புறம் கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் திரையில் டிரைவின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். அங்கேயே வரவில்லை என்றால் லினக்ஸைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

பயாஸில் தெரிந்து லினக்ஸில் தெரியாவிட்டால் அதற்கான மாட்யூலை, அதாவது கெர்னலின் துணைப் பகுதியை, ஏற்றிப் பாருங்கள்:

சூடோ மோட்ப்ரோப் எஸ்ஆர்_மோட்

யூஎஸ்பி டிரைவில் அடிக்கடி வரும் தொல்லை வேறு. வட்டு சுழலத் தொடங்கும் நொடியில் மோட்டார் நிறைய மின்சாரம் இழுக்கும். யூஎஸ்பி 2 துளை முறைப்படி தருவது 500 மில்லி ஆம்பியர்தான். அது போதாமல் டிரைவ் ‘டிக் டிக்’ என்று இழுத்து நின்றுவிடும். டிஎம்இஎஸ்ஜியில் ‘யூஎஸ்பி டிஸ்கனெக்ட்’ என்று வந்து, மறுபடி இணைந்து, மறுபடி போகும். டெஸ்க்டாப்பின் முன்பக்கத் துளையை விட்டுவிட்டுப் பின்பக்கத் துளையில் நேரடியாகச் சொருகுங்கள். மின்சாரம் சொருகாத ஹப் வேண்டவே வேண்டாம். இரண்டு யூஎஸ்பி முனை கொண்ட கேபிள் டிரைவோடு வந்திருந்தால் இரண்டையும் சொருகுங்கள்.

டிரைவ் இருக்கிறது, வட்டு தெரியவில்லை

‘நோ மீடியம் ஃபவுண்ட்’ என்று வருவது இந்த இடத்தில். முதலில் எளிய கேள்வி ஒன்று: உங்கள் டிரைவ் டிவிடி படிக்குமா? பழைய டெஸ்க்டாப்புகளில் சிடி மட்டும் படிக்கும் டிரைவ் நிறைய இருந்தது. அதில் டிவிடியைப் போட்டால் வட்டே இல்லை என்றுதான் சொல்லும்.

கேட் /ப்ராக்/சிஸ்/டெவ்/சிடிராம்/இன்ஃபோ (cat /proc/sys/dev/cdrom/info)

என்று அடித்தால் டிரைவின் திறமை எல்லாம் வரும். ‘கேன் ரீட் டிவிடி’ என்ற வரியில் 1 இருந்தால் படிக்கும், 0 என்றால் படிக்காது.

அடுத்தது சுத்தம். மே மாத வெக்கையிலும் ஆடிக் காற்றிலும் நம் ஊர்த் தூசி எங்கே போய் உட்காரும் என்று சொல்ல வேண்டியதில்லை. திசையன்விளை, உவரிப் பக்கம் என்றால் தேரி மணலும் கடல் உப்பும் சேரும். வட்டை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். சுற்றிச் சுற்றித் தேய்க்கக் கூடாது, நடு ஓட்டையிலிருந்து வெளிவிளிம்பை நோக்கி நேர்கோட்டில் இழுக்க வேண்டும். காரணம் இருக்கிறது. பதிவு வட்டமாகச் சுழன்று போகிறது. துடைக்கும்போது குறுக்கே ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம்தான் போகும், பிழைதிருத்தக் குறியீடு அதை ஈடுகட்டிவிடும். வட்டப் போக்கிலேயே கீறல் விழுந்தால் தொடர்ச்சியாக நீளமான பகுதி போய்விடும், அதை ஈடுகட்ட முடியாது.

பிசுக்கு இருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு போதும். விபூதியோ பற்பசையோ வைத்துத் தேய்க்க வேண்டாம். எழுத்து ஒட்டிய மேல்பக்கத்தையும் கவனியுங்கள். சிடியில் தரவு இருப்பது அந்தப் பக்கம், லேபிளுக்கு நேர் கீழே. அடிப்பக்கக் கீறலை ஓரளவு சமாளிக்கலாம், லேபிள் பக்கம் உரிந்துபோனால் அந்த இடத்தில் இருந்தது போனதுதான். டிவிடியில் தரவு இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் அந்தப் பயம் குறைவு.

வேறு ஒரு டிரைவில் போட்டுப் பார்ப்பதும் நல்ல சோதனை. ஒரே வட்டை ஒரு டிரைவ் மறுக்கும், இன்னொன்று தயக்கமில்லாமல் படிக்கும். அக்கம்பக்கத்தில் பழைய கணினி வைத்திருப்பவரிடம் கேட்டுப் பார்க்கலாம், பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும்.

வட்டில் என்ன வகை?

வட்டு தெரிந்துவிட்டது, ஆனால் மவுண்ட் ஆகவில்லை என்றால் இது:

சூடோ பிஎல்கேஐடி -பி /டெவ்/எஸ்ஆர்0 (blkid -p)

பதிலில் ‘டைப்’ என்ற இடத்தில் ஐஎஸ்ஓ9660 அல்லது யூடிஎஃப் (udf) என்று வந்தால் (வட்டில் ஃபைல்களை அடுக்கும் இரண்டு முறைகள்), உள்ளே ஃபைல்கள் இருக்கின்றன, மவுண்ட் செய்யலாம். பதிலே வராவிட்டால் நான்கில் ஒன்று: பாட்டு சிடி, வெற்று வட்டு, சரியாக மூடாத வட்டு, அல்லது தொடக்கப் பகுதி பழுதான வட்டு.

வகை தெரிந்துவிட்டால் முதலில் சூடோ இல்லாமல் முயலுங்கள்:

யூடிஸ்க்ஸ்சிடிஎல் மவுண்ட் -பி /டெவ்/எஸ்ஆர்0 (udisksctl mount -b)

ஃபைல் மேனேஜர் செய்வதும் இதைத்தான். ஆனால் இங்கே செய்தால் முழுப் பிழைச்செய்தியும் கண்ணில் படும். இது பலிக்காவிட்டால் கையால்:

சூடோ மவுண்ட் -டி ஐஎஸ்ஓ9660 -ஓ ஆர்ஓ /டெவ்/எஸ்ஆர்0 /எம்என்டி (mount -t iso9660 -o ro)

அதுவும் முடியாவிட்டால் ‘ஐஎஸ்ஓ9660’ இருக்கும் இடத்தில் ‘யூடிஎஃப்’ என்று மாற்றி அடியுங்கள். வீடியோ டிவிடிகளில் இரண்டு வகை அட்டவணையும் சேர்ந்தே இருக்கும், ஒன்று கெட்டாலும் மற்றது திறக்க வாய்ப்பு உண்டு. கையால் வகையைச் சொல்லிப் பார்ப்பதன் பயனே இதுதான். ‘ரைட்-புரொடெக்டட், மவுண்டட் ரீட்-ஒன்லி’ என்று ஒரு எச்சரிக்கை வந்தால் அது பிழை அல்ல. வட்டில் எழுத முடியாது, படிக்க மட்டும்தான் என்கிறது. மவுண்ட் ஆகிவிட்டது.

‘அன்நோன் ஃபைல்சிஸ்டம் டைப்’ என்று வருகிறதா? கெர்னல் அப்டேட் ஆன பிறகு கணினியை மறுதொடக்கம் செய்யாமலே ஓட்டிக்கொண்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பழைய கெர்னலுக்கான மாட்யூல் நீக்கப்பட்டிருந்தால் இப்படி வரும். ஒரு ரீஸ்டார்ட்டில் தீர்ந்துவிடும்.

கல்யாண விசிடி: நல்ல வட்டைக் கெட்டது என்று சொல்லும் இடம்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2000-க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் நம் பக்கத்துக் கல்யாணம், சடங்கு, கொடை எல்லாம் பெரும்பாலும் விசிடியில்தான் ஏறின. லினக்ஸில் அதைப் போட்டால் நடப்பது இது. வட்டு அழகாக மவுண்ட் ஆகும். உள்ளே எம்பிஇஜிஏவி என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் ஏவிஎஸ்இகியூ01.டாட் என்று ஒரு பெரிய ஃபைல். அளவு எல்லாம் சரியாகக் காட்டும். அதைக் காப்பி செய்யப் போனால் ‘இன்புட்/அவுட்புட் எரர்’. உடனே வட்டு போச்சு என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

வட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாதாரண தரவு சிடியில் ஒவ்வொரு செக்டரிலும் (வட்டில் பதிவைப் பிரித்து வைக்கும் சின்னத் துண்டு) 2048 பைட் தரவு, மீதி இடம் பிழைதிருத்தத்துக்கு. விசிடியில் ஒரு மணி நேரத்துக்கும் மேலான வீடியோவை ஒரே சிடியில் அடைக்க வேண்டும் என்பதால், அந்தப் பிழைதிருத்த இடத்தையும் வீடியோவுக்கே எடுத்துக்கொண்டு செக்டருக்கு 2324 பைட் வைத்தார்கள். லினக்ஸின் ஐஎஸ்ஓ9660 வழி 2048 பைட் செக்டரைத்தான் எதிர்பார்க்கிறது. வீடியோ டிராக்கைத் தொட்டதும் டிரைவ் மறுக்கிறது. டிஎம்இஎஸ்ஜியில் ‘இல்லீகல் மோட் ஃபார் திஸ் டிராக்’ என்று வருவது இதனால்தான். விண்டோஸ் அந்த டிராக்கை வேறு உறை போட்டுக் காட்டுவதால் அங்கே காப்பி ஆகிவிடும். ‘லினக்ஸில் சிடி படிக்காது’ என்ற பெயர் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

செய்ய வேண்டியது: மவுண்ட் ஆன வட்டை அன்மவுண்ட் செய்யுங்கள். வட்டு விசிடிதானா என்று உறுதி செய்ய, லிப்சிடிஐஓ-யூட்டில்ஸ் என்ற தொகுப்பை நிறுவி

சிடி-இன்ஃபோ

என்று அடித்தால் டிராக் பட்டியலோடு, விசிடியா என்பதையும் சொல்லும். பார்க்க மட்டும் வேண்டுமென்றால் விஎல்சியில் மீடியா, ஓப்பன் டிஸ்க் போய் எஸ்விசிடி/விசிடி என்பதைத் தேர்ந்தெடுங்கள். படம் ஓடும். கணினிக்குள் எடுத்து வைக்க வேண்டுமென்றால்:

சூடோ ஏபிடி இன்ஸ்டால் விசிடிஇமேஜர்
விசிடிஎக்ஸ்ரிப் --சிடிராம்-டிவைஸ்=/டெவ்/எஸ்ஆர்0 --ப்ரோகிரஸ்

நீங்கள் நிற்கும் ஃபோல்டரிலேயே எம்பிஇஜி ஃபைல்கள் வந்து விழும். அவை எந்த பிளேயரிலும் ஓடும், போனுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். கல்யாணத்துக்கு மூன்று, நான்கு விசிடி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி ஃபோல்டர் உண்டாக்கி அதற்குள் நின்று ஓட்டுங்கள். இல்லையென்றால் எல்லாவற்றிலும் ஒரே பெயர் என்பதால் முகூர்த்தத்தின் மேல் மறுவீடு எழுதப்பட்டுவிடும்.

பாட்டு சிடி, சினிமா டிவிடி

பாட்டு சிடியில் ஃபைல் என்று எதுவும் கிடையாது, அதனால் மவுண்ட் செய்யவும் முடியாது. ‘ராங் எஃப்எஸ் டைப், பேட் சூப்பர்பிளாக்’ என்று வருவது இயல்பு. விஎல்சியில் ஆடியோ சிடி என்று திறக்கலாம். பாட்டுகளை எடுத்து வைக்க சவுண்ட் ஜூசர், அசண்டர் போன்றவை உண்டு.

கடையில் வாங்கிய சினிமா டிவிடி மவுண்ட் ஆகும், ஓடாது. பூட்டைத் திறக்கும் லிப்டிவிடிசிஎஸ்எஸ் இல்லாததுதான் காரணம். உபுண்டு, டெபியனில் லிப்டிவிடி-பிகேஜி என்ற தொகுப்பு அதைக் கொண்டுவந்து சேர்க்கும். வெளிநாட்டிலிருந்து வந்த டிவிடி என்றால் மண்டல எண்ணையும் பாருங்கள். இந்தியாவுக்கு 5. டிரைவின் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும், அதன் பிறகு கடைசியாக வைத்ததிலேயே நின்றுவிடும். அதனால் ஒரு வட்டுக்காக அவசரப்பட்டு மாற்றாதீர்கள்.

மூடாத வட்டும் பலமுறை எழுதிய வட்டும்

வட்டில் நேராகப் பதியும் கேமராக்களில் எடுத்த சின்ன டிவிடிகள் பல, கடைசியில் ஃபைனலைஸ் செய்யாமலே, அதாவது பதிவை முடித்து மூடாமலே, பெட்டிக்குள் போய்விட்டன. எடுத்த கேமராவில் ஓடும், வேறு எதிலும் ஓடாது. டிவிடி+ஆர்டபிள்யூ-டூல்ஸ் தொகுப்பை நிறுவி

டிவிடி+ஆர்டபிள்யூ-மீடியாஇன்ஃபோ /டெவ்/எஸ்ஆர்0

என்று அடித்தால் ‘டிஸ்க் ஸ்டேட்டஸ்’ என்ற வரி வரும். ‘கம்ப்ளீட்’ என்றால் மூடிய வட்டு. ‘அப்பெண்டபிள்’ என்றால் இன்னும் திறந்தே இருக்கிறது. கேமரா இருந்தால் அதில் போட்டு ஃபைனலைஸ் செய்வதுதான் சிறந்த வழி, சித்தப்பாவிடம் கேமரா இன்னும் இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். இல்லாவிட்டால் கீழே சொல்லும் முறையில் இமேஜ் எடுத்து, அந்த இமேஜின் மேல் ஃபோட்டோரெக் என்ற மீட்புக் கருவியை ஓட்டினால் வீடியோத் துண்டுகள் கிடைக்கக்கூடும். இன்னொன்று: இந்தச் சின்ன வட்டைத் தட்டு இல்லாமல் வாயில் இழுத்துக்கொள்ளும் வகை டிரைவில் போடவே கூடாது. உள்ளே சிக்கினால் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

போட்டோ சிடியில் முதலில் போட்டவை காணாமல், பிறகு சேர்த்தவை மட்டும் தெரிகிறதா? பல செஷனாக, அதாவது பல தடவையாக, எழுதிய வட்டு அது. கெர்னல் கடைசி செஷனைத்தான் திறக்கும். முந்தையதைக் கேட்டு வாங்கலாம்:

சூடோ மவுண்ட் -ஓ ஆர்ஓ,செஷன்=0 /டெவ்/எஸ்ஆர்0 /எம்என்டி

0-க்குப் பதில் 1, 2 என்று மாற்றிப் பாருங்கள்.

அனுமதியும் எஃப்எஸ்டேபும்

வட்டு நல்லது, டிரைவ் நல்லது, சூடோவோடு திறக்கிறது, சூடோ இல்லாமல் திறக்கவில்லை என்றால் பிரச்சினை அனுமதியில். சிடிராம் குழுவில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று ‘குரூப்ஸ்’ அடித்துப் பாருங்கள். இல்லையென்றால்

சூடோ அட்யூசர் உங்கள்பெயர் சிடிராம்

அடித்துவிட்டு லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். வெளியே போய் வராமல் இது அமலுக்கு வராது. ஒரே கணினியை வீட்டில் இரண்டு பேர் தனித்தனி லாகினில் பயன்படுத்தினால் இன்னொரு சிக்கல் வரும். அண்ணன் லாகினில் திறந்த வட்டு /மீடியா/அண்ணன்பெயர் என்ற இடத்தில் அவருக்கு மட்டும் மவுண்ட் ஆகியிருக்கும், தங்கை லாகினில் ‘பெர்மிஷன் டினைட்’. அண்ணன் அன்மவுண்ட் செய்தால் போதும்.

இதைவிட ஒளிந்திருக்கும் காரணம் /இடிசி/எஃப்எஸ்டேப் (/etc/fstab). எந்த டிஸ்க்கை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல் அது. பல ஆண்டுகளாக அப்டேட் செய்துகொண்டே வந்த கணினியில் அந்த ஃபைலில் பழைய சிடிராம் வரி ஒன்று உட்கார்ந்திருக்கும். அதில் /டெவ்/எச்டிசி அல்லது /டெவ்/எஸ்சிடி0 என்று இருந்தால் அது பழைய காலப் பெயர். இல்லாத டிரைவுக்குப் போகச் சொல்கிறது. ‘மவுண்ட் பாயின்ட் டஸ் நாட் எக்ஸிஸ்ட்’ என்று வந்தாலும் இங்கேதான் பார்க்க வேண்டும். முதலில் நகல் எடுத்து வைத்துவிட்டு, அந்த வரியின் தொடக்கத்தில் # போட்டு மூடிவிடுங்கள். அந்த வரி இல்லாமலே ஃபைல் மேனேஜர் வட்டைத் திறக்கும். வரி வேண்டுமென்றால் இப்படி இருக்கட்டும்:

/டெவ்/எஸ்ஆர்0 /மீடியா/சிடிராம்0 யூடிஎஃப்,ஐஎஸ்ஓ9660 யூசர்,நோஆட்டோ 0 0

‘நோஆட்டோ’ முக்கியம். அது இல்லாமல் போனால், வட்டு இல்லாத நேரத்தில் கணினி தொடங்கும்போது ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிடலாம். திருத்திய பிறகு ‘ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை’ ஓட்டிப் பார்த்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். டெபியனைப் பென் டிரைவிலிருந்து நிறுவியவர்களுக்கு இதே ஃபைலில் /மீடியா/யூஎஸ்பி0 என்று ஒரு வரி தங்கியிருக்கக்கூடும். பென் டிரைவ் முரண்டு பிடித்தால் அதையும் மூடுங்கள்.

கீறல் விழுந்த வட்டு

டிஎம்இஎஸ்ஜியில் ‘மீடியம் எரர்’ வந்துகொண்டே இருந்து, துடைத்தும் தீரவில்லை என்றால், மவுண்ட் செய்யும் முயற்சியை அங்கேயே நிறுத்துங்கள். மவுண்ட் செய்து ஃபைலை இழுத்துப் போடுவது இந்த வட்டுக்குச் சரிப்படாது. காப்பி முதல் கீறலிலேயே நின்றுவிடும், அதற்கு அப்பால் நன்றாக இருக்கும் பகுதியும் கிடைக்காமல் போகும். முழு வட்டையும் ஒரு இமேஜ் ஃபைலாக எடுத்து, அந்த இமேஜை மவுண்ட் செய்வதுதான் முறை. அதற்கு டிடிரெஸ்க்யூ. டெபியன் குடும்பத்தில் தொகுப்பின் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ, கட்டளையின் பெயர் டிடிரெஸ்க்யூ.

சூடோ ஏபிடி இன்ஸ்டால் ஜிடிடிரெஸ்க்யூ
சூடோ டிடிரெஸ்க்யூ -என் -பி2048 /டெவ்/எஸ்ஆர்0 கொடை.ஐஎஸ்ஓ கொடை.மேப் (ddrescue -n -b2048)

இந்த முதல் சுற்று, எளிதாகப் படிக்கிறதை எல்லாம் வேகமாக எடுத்துவிட்டு, கெட்ட இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு தாண்டிப் போகும். எதை எடுத்தோம், எதை விட்டோம் என்ற கணக்குதான் அந்த மேப் ஃபைல். அதை அழித்துவிடாதீர்கள். நடுவில் கரண்டு போனாலும் கவலை இல்லை, அதே கட்டளையை மறுபடி அடித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அடுத்தது இரண்டாம் சுற்று:

சூடோ டிடிரெஸ்க்யூ -டி -ஆர்3 -பி2048 /டெவ்/எஸ்ஆர்0 கொடை.ஐஎஸ்ஓ கொடை.மேப் (ddrescue -d -r3 -b2048)

விட்ட இடங்களுக்கு மட்டும் திரும்பிப் போய் மூன்று முறை முயலும். மணிக்கணக்கில் ஆகலாம். “ஏல, ஒரு சிடியைப் போட்டுக் காட்ட இம்புட்டு நேரமா?” என்று அத்தை கேட்கத்தான் செய்வார். ஓட விட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். டிரைவ் சூடாகி உறுமினால் நிறுத்தி ஆறவிட்டுத் தொடரலாம். வேகத்தைக் குறைத்தால் சில வட்டுகள் நன்றாகப் படிக்கும்: ‘இஜெக்ட் -எக்ஸ் 4 /டெவ்/எஸ்ஆர்0’ என்று முதலில் அடித்துவிட்டு முயலுங்கள்.

டிடிரெஸ்க்யூவின் பெரிய பலம் இனிமேல்தான். கொடை டிவிடியை ஊரில் பல வீடுகளுக்குக் கொடுத்திருப்பார்கள். உங்கள் வட்டில் ஒரு இடத்தில் கீறல், பெரியப்பா வீட்டு வட்டில் வேறு இடத்தில் கீறல். இரண்டும் ஒரே மாஸ்டரிலிருந்து எழுதியவை என்றால், பெரியப்பா வட்டைப் போட்டு, அதே ஐஎஸ்ஓ பெயரும் அதே மேப் பெயரும் கொடுத்து அதே கட்டளையை ஓட்டுங்கள். முதல் வட்டில் கிடைக்காத செக்டர்களை மட்டும் இரண்டாவதிலிருந்து எடுத்து நிரப்பும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே ஓடாத வட்டுகள், சேர்ந்து முழு வீடியோ ஆகிவிடும். இதே மாதிரி ஒரே வட்டை வேறு டிரைவில் போட்டும் தொடரலாம்.

எடுத்து முடித்ததும்:

சூடோ மவுண்ட் -ஓ லூப்,ஆர்ஓ கொடை.ஐஎஸ்ஓ /எம்என்டி

கவனம், இந்த முறை டிவிடிக்கும் தரவு சிடிக்கும்தான். விசிடிக்கு மேலே சொன்ன செக்டர் அளவுக் காரணத்தால் டிடிரெஸ்க்யூ உதவாது. கீறிய விசிடியை விசிடிஎக்ஸ்ரிப் மறுத்தால், சிடிஆர்டிஏஓ என்ற கருவியின் ரா முறையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

பெயரும் எழுத்தும்

கையால் மவுண்ட் செய்தபோது தமிழ்ப் பெயர் வைத்த ஃபைல்கள் கேள்விக்குறியாகத் தெரிந்தால், ‘-ஓ ஆர்ஓ,ஐஓசார்செட்=யூடிஎஃப்8’ (-o ro,iocharset=utf8) என்று ஒரு தேர்வு உண்டு. பெயர் சரியாக வந்து, உள்ளே இருக்கும் கடிதமோ கும்பாபிஷேக மலரோ கிறுக்கலாகத் தெரிந்தால் அது மவுண்ட் பிரச்சினை அல்ல. தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற தமிழ் எழுத்துக் குறியேற்றங்களை 1999-ல் தரமாக அறிவித்தது, யூனிகோடுக்கு 2010-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஃபைல்கள் பலவற்றில் பாமினி, டாம் போன்ற ஏதாவது ஒன்று இருக்கும். எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம், தகவல் எங்கும் போய்விடவில்லை.

தட்டு வெளியே வரவில்லை

மவுண்ட் ஆகியிருக்கும்வரை கெர்னல் தட்டைப் பூட்டி வைக்கும், பட்டனை அழுத்தினாலும் வராது. ‘இஜெக்ட்’ என்று அடித்தால் அன்மவுண்ட் செய்து வெளியே தள்ளும். ‘டார்கெட் இஸ் பிஸி’ என்று வந்தால் ஏதோ ஒன்று வட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் அந்த ஃபோல்டரில் நிற்கும் ஒரு டெர்மினல் ஜன்னல், இல்லையென்றால் மூடாத விஎல்சி. யார் என்று பார்க்க:

சூடோ ஃபியூசர் -விஎம் /எம்என்டி

எதற்கும் அசையாவிட்டால் கணினியை அணைத்துவிட்டு, டிரைவின் முகப்பில் உள்ள ஊசித்துளையில் நிமிர்த்திய ஜெம் கிளிப்பை நேராகச் செலுத்தி அழுத்துங்கள். வட்டு சுழலும்போது அதைச் செய்யக் கூடாது.

எடுத்ததை எங்கே வைப்பது

வட்டிலிருந்து காப்பி செய்தவை சில சமயம் அழிக்கவோ பெயர் மாற்றவோ முடியாதபடி வரும். வட்டின் ‘படிக்க மட்டும்’ அனுமதி ஒட்டிக்கொண்டு வந்ததுதான் காரணம். ‘சிஎச்மோட்’ கட்டளையில் யூ+டபிள்யூ கொடுத்தால் சரியாகிவிடும். டிவிடி இமேஜைப் பென் டிரைவுக்கு மாற்றும்போது பாதியில் நின்றால், பென் டிரைவ் ஃபேட்32 ஆக இருக்கும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, நிறைந்த சாதாரண ஒற்றை அடுக்கு டிவிடியோ 4.7 ஜிபி வரை போகும். எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்தால் விண்டோஸிலும் லினக்ஸிலும் பல டிவிகளிலும் எடுபடும். ஒரு நகலை வீட்டு ஹார்டு டிஸ்கிலும் இன்னொன்றை வேறு ஊரில் இருக்கும் அக்கா வீட்டிலோ அத்தான் வீட்டிலோ வையுங்கள். பழைய வட்டையும் வெயில் படாத இடத்தில் உறையில் போட்டு நிற்கவைத்து வையுங்கள். வீட்டில் எழுதிய சிடியில் பதிவு இருப்பது ஒரு சாயப் படலத்தில், சன்னலோர வெயில் அதை வெளுக்கச் செய்துவிடும்.